அம்மா முருகனுக்குக் கொடுக்காத முடி

ஜூன் 9, திங்கள்

இதனால் திண்டுக்கல் வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது: ஈஸ்வராகிய எனக்கு மீசை அரும்பிவிட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாது; நம்பிக்கை உள்ளவர்களுக்குத் தெரியும்.

அம்மாவிடம் காட்டினேன். பார்க்கவில்லை. மார்புப் புற்றுக்கு முதல் கீமோ ஏற்றி இரண்டு வாரம். இன்று சீப்போடு முடி கொத்தாக வந்துவிட்டது. எனக்கு வாய் ஓயவில்லை, அம்மாவுக்கு வாயில் எதுவும் இறங்கவில்லை.

ஜூன் 11, புதன்

அடுத்த திங்கள் இரண்டாவது கீமோ. வர மாட்டேன் என்கிறாள் அம்மா. காரணத்தை இன்றுதான் அப்பாவிடம் சொன்னாள். நான் நல்லபடியாகப் பிறந்தால் பழனியில் தன் முடியை இறக்குவதாக வேண்டியிருந்தாளாம். இன்றுவரை இறக்கவில்லை.

"குடுக்காம வச்சிருந்தேன். அவரே புடுங்கிக்கிறாரு. இதுக்கு மருந்து என்ன செய்யும்?"

அப்படியென்றால் நான் பிறந்ததாலா? சீ. இல்லை. இல்லைதானே?

மலைக்கே போய்விடலாம் என்றார் அப்பா. இப்போது கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்கூட மணியை முன்கூட்டியே அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் செபாஸ்தியம்மாள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் சிலுவை. ஜெபம்தான், நழுவிவிடலாம் என்று நினைத்தேன். அவரோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "முருகன்கிட்ட பேசுனீங்களா?" என்றார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச? கோவமாவும் வருது சிஸ்டர்."

"கோவத்தையே சொல்லுங்க. நான் எங்க மாதாகிட்ட சண்டையே போட்டிருக்கேன்."

அம்மா அழுதாள். ரொம்ப நேரம். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மிச்ச முடி இன்னும் உங்களோடதுதானே வள்ளிம்மா. கொட்டுறதுக்கு முந்தி நீங்களே குடுத்துருங்க. கத்தி வேணாம், காயம் பட்டா ஆறாது. வீட்டுலயே மிஷின்ல எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைங்க. வைத்தியம் முடியட்டும், மலையேறிச் செலுத்துங்க."

"ஏத்துக்குவாரா?"

"உங்க சாமிய எனக்கு அம்புட்டாப் பழக்கமில்ல. நீங்கதான் சொல்லணும்."

அம்மா வெகுநேரம் முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கஞ்சி கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

என்கூடப் படிக்கும் தப்ரேஸிடம் அறிவித்தாயிற்று. நாளைக் காலை அம்மாவுக்கு முடி எடுக்கப்போவது நான். கை நடுங்காது, கண் கலங்காது. பிறகு எனக்கும் மொட்டை.

"நீயா? தடுப்பூசிக்கே பெஞ்சுக்கடியில ஒளிஞ்சவன்டா நீ."

பொறாமை.

ஜூன் 16, திங்கள்

எடுத்தது அப்பா.

நான் மிஷினை ஆன் செய்தேன். சத்தம் வந்தது. கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டேன். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன்.

தேடி வந்தது அம்மா. ஒரு வாரமாக வாசலுக்கே வராதவள். மொட்டைத் தலை. முக்காடு இல்லை. தெருவே பார்த்தது, அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏலே, எந்திரி. ஊசிக்கு நேரமாச்சு. அப்பா ஆட்டோ பிடிச்சு நிக்கிறாரு."

என் தலையில் முடி அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தப்ரேஸ் கேட்டால் மாற்றித்தான் சொல்வேன்.