ஐந்தரைக் கட்டையில் நின்றுபோன சுருதிப் பெட்டி

கீழ்க்கட்டளை,
ஜூன் 9

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஹர்ஷாவும் ஆக்லாந்தில் சுகமாக இருக்க வேண்டும், அந்தக் குளிரில் குன்றத்தூர் முருகன் உங்கள் இருவருக்கும் துணை இருக்க வேண்டும். மேலே ஒரு வரியைக் கிறுக்கி அடித்திருக்கிறேனே, அதில் இங்கு யாவரும் நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பொய் எழுத மனம் வராமல் அடித்தேன். போனில் சொல்லலாம் என்றால் வாயைத் திறந்ததும் எனக்கு அழுகை வருகிறது, நீயும் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், அதனால்தான் விக்கியை விட்டுத் தாள் வாங்கிவரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். உன் தம்பி கடையையும் பார்த்துக்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு பாதியாக இளைத்துப் போய்விட்டான், அது வேறு கவலை.

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்து நாலு மாதம் ஆகிறது. கால் பரவாயில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறார். பேச்சுதான் வரவே இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, டிவியில் செய்தி பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார், ஆனால் பசிக்கிறதா என்று கேட்டால் வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். ஹார்ட்வேர் கடையில் நின்றுகொண்டு எட்டு எம்எம் கம்பி எடுடா என்று மெயின் ரோடு வரை கேட்கிற மாதிரி கத்தின மனுஷன். முதல் ஆறு மாதத்தில் வருகிற பேச்சுதான் பெரும்பாலும் வரும், அதற்கப்புறம் ரொம்ப மெதுவாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு மாதம்தான் வாணி. காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. மார்ச்சில் நீ வீடியோவில் வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று நீ பட்டென்று கட் பண்ணினாய், அவருக்கு இன்னும் கோபம் போகல இல்ல என்று மெசேஜ் போட்டாய், அதோடு அவரைக் கூப்பிடவே இல்லை. கோபம் இல்லையடி. வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, அதை நீ பார்க்கக் கூடாது என்று திரும்பினார். நீ வைத்த பிறகு தலையணை உறையை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவு அழுதார்.

இப்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பரணி என்கிற தம்பி குரோம்பேட்டையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறான். அவன்தான் சொன்னான், பேசுகிற இடம் மூளையில் இடது பக்கம் கெட்டிருந்தாலும் சிலருக்குப் பாட்டு வழியாக வார்த்தை திரும்ப வரும், எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேம்மா, முயற்சி பண்ணலாம் என்று. தண்ணி வேணும் என்பதை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வேண்டும், அசைக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும், பாடிப் பாடிப் பேச்சாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இடது கையால் தட்டச் சொன்னான். அந்தக் கை எதற்கு, நல்ல காரியத்துக்கு யாராவது இடது கையை எடுப்பார்களா என்று நான் அவனுக்குத் தெரியாமல் அவருடைய விழுந்த வலது கையை என் கைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அவன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான், இடது கை தட்டினால்தான் மூளையின் நல்ல பக்கம் வேலை செய்யுமாம். அந்தப் பத்து நாளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்.

சரி, பாட வேண்டும் என்றால் எனக்குப் பாடத் தெரிய வேண்டாமா. நீ எட்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்ட வீட்டில் நான் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு சரி. அதனால் ஏரிக்கரைத் தெருவில் கீபோர்டும் வாய்ப்பாட்டும் சொல்லித்தருகிற ஹெப்சி டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன், ஐம்பத்தெட்டு வயதில், என் பக்கத்தில் உட்காருகிறது எல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சிரிக்காதே. முதல் நாளே சுருதி என்றால் என்ன என்று கேட்டேன். பாடுகிறவர் எந்த உயரத்தில் ச வைத்துக்கொள்கிறாரோ அதுதான் அவர் சுருதி, அந்த உயரத்தை ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று எண்ணுவார்கள், மற்ற ஆறு சுரமும் அங்கேயிருந்துதான் கணக்கு என்றார். கொத்தனார் முதலில் சுவரில் மட்டம் அடித்துவிட்டு அதை வைத்து ஜன்னலும் கதவும் அளப்பாரே, அது மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன், நம் கடைக்கு வருகிற பேச்சுதானே அது. ச, ப இரண்டும் நின்ற இடத்தில் நிற்கும், மற்ற ஐந்தும் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் நிற்கும், அதை வைத்துத்தான் ராகம் பிரிகிறது என்றார், ராகம் உங்களுக்கு இப்போ வேணாம்மா என்றும் சொல்லிவிட்டார். தாளம் கையில் போடுகிற கணக்கு, ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, எட்டு. அந்த எட்டும் நடுவில் ஓடாமல் நடுவில் தூங்காமல் ஒரே நடையில் போவதுதான் லயம். எனக்கு லயம் வருகிறது, தோசை ஊற்றிய கைக்கு அது வரும். சுருதிதான் நிற்கவில்லை, ச பிடித்தால் நாலு எண்ணுவதற்குள் வேறெங்கோ போய் நிற்கிறேன். உங்க காதுக்குப் பழக்கணும், வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால் போட்டு வையுங்கள் என்றார் டீச்சர்.

நம் வீட்டில்தான் உன் பெட்டி இருக்கிறதே. பீரோவில் அப்பா துணிக்கு அடியில் துண்டில் சுற்றிக் கிடந்தது. திருகின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தது, இது எப்போது யார் வைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அவசரத்தில் விட்டுவிட்டேன். பிளக்கில் மாட்டினேன், பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்த ஓசை கூடத்தில் கேட்டதும் அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று வாரம் தினமும் காலை பத்தரைக்குப் பெட்டியைப் போட்டுத் தண்ணி வேணும், தண்ணி வேணும் என்று நான் பாட, அவர் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். மேலே போனால் குரல் உடையும், கீழே போனால் தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடும். போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கு நாங்கள் பாடியதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், அதை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் கொஞ்சம்தான் கேட்டார், ஐயோ என்னம்மா இது, இது ஐந்தரைக் கட்டை, பெண் பிள்ளைக் குரலுக்கு வைக்கிறது, அவருக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைதான் சரிப்படும், அவர் தொண்டைக்குச் சேராத உயரத்தில் நிற்கவைத்து மூன்று வாரம் இழுத்திருக்கிறீர்களே என்றார். உன் சுருதி வாணி. நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அது நின்றிருக்கிறது, அந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஓடிவந்து திருப்பப் போனேன். அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடுங்க, உங்களுக்கு இது ஒத்துவராதாம் என்றேன். தலையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. பிடி விடவில்லை, என் கையில் விரல் தடம் பதிந்துவிட்டது. பரணி சொல்லிப் பார்த்தான், விக்கி கோபித்துக்கூடப் பார்த்தான், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனில் வேறு சுருதி போட்டாலும் காதைப் பொத்திக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

சாயங்காலம் அவரைப் பார்க்க வந்த ஜெயவேலுவிடம் சொல்லி அழுதேன், நம் கடையில் இருபது வருஷமாக லோடு ஏற்றுகிறானே, அவன்தான். அவன் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு, உனுக்குத் தெரியாதாக்கா, வருசா வருசம் ஆயுத பூசைக்கு அண்ணன் இத்தத் துண்டுல சுத்தி எடுத்துகினு கடைக்கு வரும், தராசு பக்கத்துல வச்சிப் பொட்டு வைக்கும், தொடைக்கிறேன்னு ஒருதபா நான் திருவுல கைய வச்சேன், டேய், அது பாப்பா வச்ச எடம், அது வந்து திருப்புனாத்தான் உண்டுன்னு வள்ளுனு வுழுந்துச்சு என்றான். வாணி, நான் அவரோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம், வாய் இருந்தபோது.

குன்றத்தூர்த் திருவிழாவில் அவர் செய்ததை நான் சரி என்று சொல்ல வரவில்லை. உனக்குப் பத்தொன்பது வயது, பொத்தேரி காலேஜ் பிள்ளைகளோடு மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தாய், பங்காளிகள் நாலு பேர் கேலி பேசினார்கள் என்று மேலே ஏறி மைக் ஒயரைப் பிடுங்கினார். கோகிலவாணி என்று ஆசையாகப் பேர் வைத்த வாயாலேயே வாயை மூடுடி என்றார், அத்தனை பேர் எதிரில். திரும்பி வருகிற ஆட்டோவில் இனிமே என் வாய்ல பாட்டு வராது என்று நீ சொன்னாய், பதினோரு வருஷமாக அதைக் காப்பாற்றுகிறாய், அவருடைய பிடிவாதம்தான் உனக்கும் வந்திருக்கிறது. நானும் அன்றைக்கு மேடைக்குக் கீழே உன் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதற்கு என்னை மன்னித்துவிடு. அவரை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உங்கள் இரண்டு பேர் பாடு.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் வீடியோவில் வந்து, அப்பா, திருப்புங்கப்பா, உங்க கட்டைக்கு வச்சுக்குங்க என்று நீ சொல்ல வேண்டும். நீ சொன்னால்தான் கையை எடுப்பார். பிறகு அவர் சுருதியில் நீ ஒரே ஒரு ச பிடித்துக் கொடு. பெண் குரலுக்கு அது தாழ்ந்த இடம், உனக்கு வசதிப்படாது என்று டீச்சர் சொன்னார், தெரிந்துதான் கேட்கிறேன். என் ச நாலு எண்ணுவதற்குள் நழுவிவிடுகிறது, என்னை நம்பி அவர் எதையும் பிடிக்க முடியாது. வேறு வழி இருந்தால் உன் சபதத்தில் நான் கை வைப்பேனா.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்தாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே, உனக்குக் குளிர் உடனே தொண்டையில்தான் பிடிக்கும். நேரத்தை எழுதி வைத்துக்கொள், இங்கே காலை பத்தரை என்றால் உனக்குச் சாயங்காலம் ஐந்து மணி. இதை எழுதும்போதும் பத்தரைதான் ஆகிறது. அப்பாவே இடது கையால் சுவிட்சைப் போட்டுக்கொண்டார், பெட்டி நீ வைத்த இடத்திலேயே பாடிக்கொண்டிருக்கிறது, அவர் எட்டிக்கொண்டிருக்கிறார், எட்டவில்லை.

உன் அம்மா,
மா. அங்காளம்மாள்