பத்தொன்பதாம் எண் புயலும் தொட்டித் தண்ணீரும்

ஸ்ரீபெரும்புதூர்,
17.11.1991

அன்புள்ள ஜெபகுமாருக்கு,

நானும் அப்பாவும் நிலாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ஆண்டவர் கிருபையால் என்று சேர்த்து எழுதும்படி அப்பா பக்கத்து நாற்காலியிலிருந்து சொல்கிறார், சேர்த்துவிட்டேன். மூன்று நாளாக விடாத மழை, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். உன் தங்கைக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, ஆனால் புத்தகத்தைவிட ரேடியோவோடுதான் அவளுக்குச் சிநேகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மருந்தினாலா, மழைக்குப் பயந்து சைக்கிளை எடுக்காததினாலா தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் நாகசாகியில் அடித்த புயலைப் பற்றி நீ எழுதியது நாலே வரி. காற்று அடித்தது, கரண்ட் போயிற்று, நான் நலம், ஒருவேளை டிசம்பரிலேயே திரும்ப நேரிடலாம். ஒரு வருஷப் பயிற்சிக்குப் போனவன் பாதியில் வருவானேன்? வேலை கடினமாக இருக்கிறது, புயலைச் சாக்கு வைத்துக் கழன்றுகொள்ளப் பார்க்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உனக்காகப் பேசினார், நான் காதில் வாங்கவில்லை. அது என் தப்பு.

புயலை மட்டும் நான் விடவில்லை. செய்தித்தாளில் வந்ததையெல்லாம் எடுத்துவைத்து, அட்லஸில் பென்சிலால் கோடு போட்டு, பத்தாம் வகுப்புக்குப் பாடமாகவே நடத்தினேன். மார்ஷல் தீவுகள் பக்கம் வெறும் மழை மேகமாய்ப் பிறந்து, சூடான கடல்மேல் இரண்டு வாரம் மேற்கே நடந்து நடந்து கொழுத்து, ஒகினாவாவை நெருங்கியதும் வடக்கே திரும்பி, நாகசாகிக்குள் நுழைந்து, ஜப்பானின் வடக்கே அறுவடைக்கு நின்ற ஆப்பிளையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது. உயிர் போன குடும்பங்களை நினைத்தால் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு வியப்புதான். அங்கே புயலுக்கு எண்தான் சொல்வார்களாமே, இது இந்த வருஷத்தின் பத்தொன்பதாவது என்று. பயமுறுத்தாமல் எண்ணிக் காத்திருக்கிற அந்த வழக்கம் எனக்குப் பிடித்தது.

மற்றது வசந்தகுமார் சொல்லித்தான் தெரிந்தது. உன்னோடு ஒரே அறையில் இருந்தவன், பிள்ளைப்பாக்கத்துப் பையன். ஆறு மாதப் பயிற்சியை முடித்துக்கொண்டு தீபாவளிக்கு முந்தின வாரம் வந்துவிட்டான். அவன் அம்மா செங்கமலம் அதிரசம் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிவந்தாள். என் பிள்ளைக்கு இங்கே சூப்பர்வைசர் வேலை போட்டுட்டாங்க டீச்சரம்மா, ஜப்பான்காரனே நல்ல பேரு எழுதிக் குடுத்துக்கிறான் என்று அவள் சொல்லச் சொல்ல இவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். மறுநாள் தனியாக வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

டீச்சரம்மா, அன்னைக்கு மத்தியானமே கம்பெனியை மூடிட்டாங்க, ஒரே புழுக்கம், உடம்பு சூடு, அம்மா குடுத்தனுப்பின நல்லெண்ணெய் அப்படியே கீது, வெள்ளிக்கிழமையாச்சே பொம்பளைங்க முழுகுற நாளாச்சேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஜப்பான்ல யாரு பாக்கப் போறாங்கன்னு தலையிலேர்ந்து கால் வரைக்கும் தேய்ச்சிக்கினு பொதுத் தொட்டியிலே எறங்கிட்டேன் என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் கேட்டேன், அது குளிக்க வைத்த தண்ணீரே இல்லையாம். புயலில் குழாய் நின்றால் பதினெட்டுப் பேருக்கும் வேண்டுமென்று விடுதிக்காரம்மா காலையிலிருந்து நிரப்பி வைத்ததாம். இவன் சீயக்காய் வேறு கரைத்துத் தண்ணீரைப் பழுப்பாக்கிவிட்டு, பயந்துபோய் அடைப்பைப் பிடுங்கி எல்லாவற்றையும் வடியவிட்டு, மறுபடி நிரப்பலாம் என்று குழாயைத் திருகினால், காத்துதான் வந்துச்சு டீச்சரம்மா என்றான். அதற்குள் கரண்ட் போய்ப் பம்பு நின்றுவிட்டது. வெளியே ஓடுகள் பறக்க ஆரம்பித்துவிட்டன.

விடுதிக்காரம்மா வந்து யார் செய்தது என்று கேட்டபோது நீ எழுந்து நின்று, நான்தான் என்றாயாம். வசந்தகுமாருக்கு இன்னும் மூன்றே வாரம், இப்போது கரும்புள்ளி விழுந்தால் இங்கே வேலை கிடைக்காது என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். விடுதிக்காரம்மா விதிப்படி கம்பெனிக்கு எழுதிவிட்டார், உன்னை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று டிசம்பரில் முடிவு செய்வார்கள். அதோடு நான்கு நாள், முறிந்து கிடந்த மரங்களைத் தாண்டி, விடுதிக் குன்றின் அடிவாரத்துத் தண்ணீர் லாரியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, நீங்கள் இரண்டு பேருமே பதினெட்டுப் பேருக்கும் தண்ணீர் சுமந்திருக்கிறீர்கள். யாருமே ஒரு வார்த்தை திட்டலை டீச்சரம்மா, திட்டியிருந்தாக்கூடத் தேவலை என்றான். மூன்றாம் நாள் அந்த அம்மாவே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் படியேறினாராம். பார்க்காத அந்த அம்மாவின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உன்னைப் பற்றி என்ன எழுத. எனக்குப் புகழத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அன்று இராத்திரி அப்பா ஜெபம் பண்ணும்போது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் ஜெபா, நீ சொன்னது பொய். அந்தப் பொய்யால் வசந்தகுமார் பிழைக்கவில்லை, தாய் கொண்டுவந்த பலகாரத்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. விடுதிக்காரம்மாவுக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கையில் வைத்திருந்த கடிதத்தைக் காட்டி, இங்கிலீஷ்லே தப்பு இருந்தா திருத்திக் குடுங்க என்று அவனே கேட்டான். இது தெரிந்தால் இங்கே உன் வேலை என்னாகும் என்றேன். போனா போவட்டும், ஏர் புடிக்கிற கை இன்னும் மறந்துடலை என்றான். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. தப்போடு இருந்தால்தான் அவன் எழுதினது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

குளிர் ஏறும், கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. தோளில் காய்ப்பு இன்னும் இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவு. அங்கேயே இருக்கச் சொன்னாலும், திருப்பி அனுப்பினாலும், இந்த வீட்டில் உன்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு.

மறக்காதே, இத்துடன் இருக்கும் சின்ன உறை உனக்கல்ல. வசந்தகுமார் தன் கையாலே ஒட்டினது. பிரிக்காமல் விடுதிக்காரம்மா கையில் கொடு. அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நில், நடுவில் பேசாதே.

உன் அம்மா,
ஞானம்மா ரத்தினம்