இடப்பக்கம் போன குண்டு

அன்புள்ள உலாயு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கரடி வந்ததை விமானி ஊரில் பெரிதாக்கிச் சொல்வான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கல் ஆராய வந்தவர்களின் முகாமுக்கு நான்தானே காவல். விமானத்திலிருந்து இறக்கும்போது அப்பாவின் பழைய பட்டாளத் துப்பாக்கி பாறையில் விழுந்துவிட்டது. சுட்டுப் பார்த்தேன். குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போனது. குழல் நுனியிலுள்ள குறிமுனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். சமையல்காரி டோரீனுக்கு ஒரே சிரிப்பு.

"ஏம்ப்பா, குண்டே இடப்பக்கம் போகுது, நீயும் இடப்பக்கமே தள்ளுற?"

"முன்னால இருக்கற குறிய குண்டு போற பக்கமே தள்ளணும், அப்பத்தான் குறிபார்க்கறப்ப குழல் வலப்பக்கம் திரும்பும். நீ சூப்பப் பாரு."

ஆறாவது குண்டு இலக்கின் நடுவில் விழுந்தது.

மறுநாள் காலை ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு சமையல் கூடாரத்தை நோக்கி வந்தது. டோரீன் உள்ளே இருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கரடிக்கு வலப்பக்கம், அதன் காலை ஒட்டியிருந்த பாறையைப் பார்த்துச் சுட்டேன். கல் தெறித்ததும் மூன்றும் ஓடிவிட்டன. குறி பழையபடி இருந்திருந்தால் குண்டு கரடிமேல் பாய்ந்திருக்கும். காயம்பட்ட தாய்க்கரடி சும்மா போகுமா?

"இனிமே உன்னக் கிண்டல் பண்ணினா என் நாக்க அறுத்துக்கறேன்" என்று டோரீன் இரண்டு கிண்ணம் சூப் ஊற்றினாள்.

புதன்கிழமை ரேடியோவில் கூப்பிடு. சேதி இல்லாவிட்டாலும் பேசு. கொஞ்சம் உலர்ந்த மீன் அனுப்பு. உன் தலைத்துணியில் சுற்றி அனுப்பு, துவைக்க வேண்டாம். விமானம் கிளம்புகிறது.

உன்,
சிமியோனி