நான் பார்த்துச் சொன்ன குண்டு

லாத்தா,

இன்று மதியம் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை வாசலை மறித்தபடி பணவண்டி நின்றது. ஒரு காவலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக, இன்னொருவர் இடுப்பில் துப்பாக்கியோடு சாலையைப் பார்த்து நின்றார். தேக்கா சந்தையில் வாங்கிய மீன் கையில் கனக்க, நான் அவரைச் சுற்றிக்கொண்டு போகாமல் அந்தத் தோலுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அக்கா, கொஞ்சம் தள்ளிப் போங்க லா,” என்றார். நம்ம பிள்ளைதான். உள்ளே என்ன குண்டு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஊரில் அப்படிக் கேட்டால் மீன் வீடு போய்ச் சேராது. வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வீடு இருக்கும் பாசிர் ரிஸ் வரும்வரை உன் நினைப்புதான்.

உனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, பொறுமைதான் கிடையாது. நீ அக்காவாக இருந்தும், எதை வாங்கினாலும் பெட்டியைத் தங்கை என் முன்னால் வைத்து, “பாத்துச் சொல்லுடி,” என்பாய். கல்யாணம் முடிந்து மச்சானோடு டெக்சஸ் போய், ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் நிலையக் கடையை நடத்தத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்புட்டி, குழந்தைக்குக் கார் இருக்கை, முடி உதிர்வதற்கு எண்ணெய் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினாய். நானும் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து படித்துச் சொன்னேன்.

ஒருநாள் காலை, சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் வேலையாக இருந்தபோது மூன்று படங்கள் வந்தன. மூன்றும் கைத்துப்பாக்கிக் குண்டுப் பெட்டிகள். நான் பதறிப்போய்க் கழிப்பறைக்கு ஓடி உனக்குப் போன் போட்டேன்.

“நீதான் டேஞ்சரஸ் கூட்ஸ் பேப்பர் எல்லாம் பாக்குறியே, உனக்குத் தெரியாததா?” என்றாய்.

“நான் பெயிண்ட் டின்னும் பேட்டரியும் பாக்குறவ லாத்தா. குண்டு வந்தா போலீஸைக் கூப்பிடுறவ!”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

கடைப் பாதுகாப்புக்கு நீ வைத்திருந்த கைத்துப்பாக்கிக்கு அந்தச் சமயம் உங்கள் ஊர்க் கடைகளில் முழுத் தோட்டா கிடைக்கவில்லை; முனையில் வைக்கும் குண்டு மட்டும் தனியாகக் கிடைத்தது. வீடு மாறிப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம், தோட்டாவை வீட்டிலேயே செய்யும் கருவியை வாங்கியிருந்தாய். மச்சானுக்கு அதைத் தொடவே நடுக்கம். நீதான் சமையலறை மேசையில் அதை முடுக்கி, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் புதுக் குண்டை வைத்து அழுத்தினாய். “பிரியாணிக்கு உப்புப் போடுறதைவிட இதுக்குத்தான் ரொம்பப் பாக்குறேன்,” என்று பீற்றிக்கொள்வாய். இங்கே ஒரு தோட்டா வைத்திருந்தாலே உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள், நீ சமையல்கட்டில் வைத்துச் செய்கிறாயே என்று நான் திட்டினேன். நீ சட்டென்று குரலை மாற்றினாய்.

“கல்லாவுக்கு நேர் எதிர்லதான் ஸ்டோர் ரூம். நடுவுல ஆள் நிக்கிற இடம். புள்ள அந்த ரூம்லதான் ஹோம்வொர்க் செய்யுது. சுவர் வெறும் அட்டை மாதிரி. சுட்டா அது தாண்டிப் போகக் கூடாதுடி. அதைப் பாத்துச் சொல்லு.”

அதற்கு மேல் நான் எப்படித் திட்டுவது? படித்தேன். பேருந்தில் படித்தேன், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நீ அனுப்பிய குண்டுகளின் முனையில் ஒரு குழி இருக்கும். உடம்புக்குள் நுழைந்ததும் அந்தக் குழி விரிந்து, வேகம் குறைந்து, குண்டு உள்ளேயே தங்கிவிடும். தடித்த குளிர்ச்சட்டைத் துணி குழியை அடைத்துக்கொண்டால் சிலது விரியாமல் நேரே வெளியே வந்துவிடும். சின்னத் துப்பாக்கியின் வேகம் சிலது விரியப் போதாது. உங்கள் ஊர்க் குளிருக்கும் உன் துப்பாக்கிக்கும் நடுப்பெட்டியில் இருப்பதே ஒத்துவரும் என்று முடிவு கட்டினேன். அறைச் சுவரைப் பற்றியும் எழுதினேன். “எந்தக் குண்டும் அந்தச் சுவர்ல நிக்காது லாத்தா. குறி தப்பக் கூடாது. இது ஆளுக்குள்ளதான் நிக்கும்.” கூடவே ஒரு சிரிப்புப் படமும் போட்டேன். பரீட்சையில் முதலாவதாக வந்தவள்போல அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

குளிர்காலத்தில் ஒரு மாலை, மச்சான் சாமான் எடுக்கப் போயிருந்த நேரம், ஒரு வாலிபன் துப்பாக்கியோடு உள்ளே வந்தான். நீ கல்லாவைத் திறந்து விட்டாய். அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. உன் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். நீ ஒருமுறை சுட்டாய். குண்டு நான் எழுதியபடியே அவனுக்குள் நின்றது. அவன் அங்கேயே இறந்துபோனான்.

கடையில் வாங்காமல் நீங்களே ஏன் செய்தீர்கள், உள்ளே போய் விரிகிற குண்டாகப் பார்த்து ஏன் எடுத்தீர்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று போலீஸ்காரர்கள் உன்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். நானே பார்த்து வாங்கியதுதான் என்று சொல்லிவிட்டாய். கடைசியில் உன்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். “உன் பேரை எதுக்குடி இழுக்கணும்? நீ ஏர்போர்ட்ல வேலை பாக்குறவ,” என்றாய். எனக்கு மூச்சு வந்தது. உனக்கு நான் நன்றி சொன்னேன் லாத்தா. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சில மாதம் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கூப்பிட்டாய். அங்கே உனக்கு மாலை நேரம்.

“செத்தவனைப் பெத்த உம்மா இன்னைக்குக் கடைக்கு வந்துச்சுடி. பால் எடுத்துச்சு. நான் மீதிச் சில்லறை குடுத்தேன். கை பட்டுச்சு.”

நீ கேட்டாய்: “சாதாக் குண்டா இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பானா? நீதானே எல்லாம் படிச்ச, சொல்லு.”

எனக்குப் பதில் தெரியும். நான் அத்தனை நாள் படித்ததே அதைத்தானே! ஆனால் பதில் சொன்னால், அந்தப் பெட்டியைக் கைகாட்டியது நான் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். நீ மூடி மறைத்துக் காப்பாற்றியதை நானே ஏன் திறக்க வேண்டும் என்று பயந்தேன். “தெரியல லாத்தா. அதெல்லாம் டாக்டருங்கதான் சொல்லணும். பஸ் வந்துருச்சு, அப்புறம் பேசுறேன்,” என்றேன்.

பஸ் வரவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு வெறும் சாலையைப் பார்த்து நின்றேன்.

அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. படம் அனுப்புவதையும் விட்டுவிட்டாய். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்வாய். நோய் வந்தபோது, “எனக்கு இது வரவேண்டியதுதான்,” என்றாயாம். மச்சான் சொல்லி அழுதார். உன்னை அடக்கம் செய்ததைப் போன் திரையில்தான் பார்த்தேன்.

போன மாதம் உன் மகள் இங்கே வந்திருந்தாள். உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, யாரும் கேட்காமல் அவளாகவே தன் சின்னம்மா என்னிடம் சொன்னாள். “சாச்சி, that day I was right there, ஸ்டோர் ரூம்ல. உம்மா ஓடி வந்து என் முதுகு, வயிறு எல்லாம் தடவிப் பாத்தாங்க. ஓட்டை இருக்கான்னு தேடுற மாதிரி. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் நான் தூங்குறப்ப வந்து தடவுவாங்க. எதுக்குன்னு தெரியல.”

அவள் பிழைத்தது உனக்கு நிச்சயப்படவே இல்லையா லாத்தா? குண்டு அவனுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

இப்போது சொல்கிறேன். ஆமாம், சாதாரணக் குண்டாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்கலாம். அது அவனைத் துளைத்து, சுவரையும் துளைத்து, உன் பிள்ளை உட்கார்ந்திருந்த அறைக்குள் போயிருக்கலாம். அதைத் தடுக்க ஆளுக்குள் நிற்கிற குண்டாகப் பார்த்துச் சொன்னவள் நான். சுட்டது நீ, தேர்ந்தெடுத்தது நான். அன்று அந்த நிறுத்தத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவன் சாவை நாம் ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருக்கலாம். நீ அதை முழுசாகச் சுமந்துகொண்டே போய்விட்டாய். இப்போது அவனோடு சேர்த்து உன்னையும் நான் சுமக்கிறேன், லாத்தா.