விரலுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

பழைய வைஃபை பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று ஃபிரிட்ஜின் மேலிருந்து இறக்கினேன். அதன் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு நீ வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்கின்றன. எப்போதும் சூடாகவே இருந்த பெட்டி அல்லவா, சந்தனம் வறண்டு ஓடு போல ஒட்டிக்கொண்டுவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனமும் சுட்ட பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை வருகிறது. துடைக்காமல் துணியை மடித்து வைத்துவிட்டேன். இனி அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. புதுப் பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. அது வந்த அன்று நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு எழுத்து கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு பேங்க் சார் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் சீர் செய்துதான் எழுதுவார். பேசினபடியே இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால் அதை மட்டும் தொடமாட்டார். இறந்துபோனவளுக்கு எதற்கு மடல் என்று அவர் கேட்கவில்லை. 

இந்த வங்காள ஊரின் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் நான் செய்த வேலை, கிரேன்காரனுக்குக் கை காட்டுவது. கப்பலின் அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று மேலே கூண்டில் இருப்பவனுக்குத் தெரியாது. நான் விளிம்பில் நின்று விரலைக் காட்டுவேன். ஒரு விரல் மடங்கினால் இருபது டன் அந்தரத்தில் நிற்கும். அந்த வேலையில் சேர்த்த நல்ல பேரை வைத்துக்கொண்டு ஆபீசர்கள் வாசலில் போய் நின்று, நம் ஒரே பிள்ளைக்கு அங்கேயே குமாஸ்தா வேலை வாங்கினேன். கைநாட்டு வைத்தவனின் மகன் மேஜை போட்டு உட்காரப் போகிறான் என்று கான்டீனில் எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தேன்.

பதினொரு மாதம் போனான். பிறகு ஒரு காலையில் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டு, ஒட்டிய கவர் ஒன்றை என்னிடம் கொடுத்தான். "ஹெட் கிளார்க்கிட்ட குடுத்துருங்கப்பா" என்றான். லீவு லெட்டர் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெட் கிளார்க் பிரித்து, சத்தமாகவே படித்தார். ராஜினாமா. அறையில் இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன, மகன் வேலையை விட்டதை அப்பாவே தபால்காரனா வந்து குடுக்கிறாரே" என்று ஒருவன் வங்காள மொழியில் சொன்னான். சிரித்தார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டைகளின் நிறம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று மாடிப்படியில் வைத்து அவனை அறைந்தேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையை, அக்கம்பக்கம் பார்க்க. மறு வாரம் எங்கோ வெளிநாட்டில் வேலை என்று போய்விட்டான். என்னிடம் நேராகச் சொல்லப் பயந்துதான் அப்படிச் செய்தான் என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. "இந்த வீட்டுல அவன் பேர யாரும் எடுக்கக் கூடாது" என்றேன். நீயும் எடுக்கவில்லை.

ஆனால் அடுத்த வருஷம் ஒரு ஃபோன் வாங்கினாய். பிறகு லைனும் பெட்டியும் வந்தன. எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு காலையில், "முருங்கக்கீர வாங்கிட்டு வாங்க, அவசரமில்ல, நல்லதா பாத்து வாங்குங்க" என்று என்னை லேக் மார்க்கெட்டுக்கு விரட்டுவாய். கீரை வாங்கப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரம் காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பேன், சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று. திரும்பி வரும்போது உன் கண் சிவந்திருக்கும். கீரை ஆய உட்கார்ந்துவிடுவாய்.

ஞாயிறுதோறும் என்பது மாதம் ஒன்று என்றாயிற்று. பிறகு நீ விரட்டுவதே நின்றுபோயிற்று. நானாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "எங்க போறீங்க, கீர நேத்துதான வாங்குனோம்" என்பாய்.

கரண்ட் போய் வந்தால் உன் ஃபோன் பெட்டியை மறந்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்கும். நீ கட்டைவிரலை வைத்துப் பூட்டைத் திறந்து, என் பக்கம் நீட்டுவாய். "எனக்குக் கை நடுங்குது, பொடிப்பொடியா இருக்கு. நீங்க போடுங்க." எழுத்து தெரியாதவனிடம் போய் இதைக் கேட்கிறாயே என்றேன். "எழுத்து எதுக்கு? எடம் சொல்லுதேன், அமுக்குங்க. ஒங்க வாய்க்குத்தான் பிடிவாதம். வெரலு சொன்னபடி கேக்கும்" என்றாய். நடு வரிசையில் இரண்டாவது. மேல் வரிசையில் மூன்றாவது. கீழ் வரிசையில் கடைசி எழுத்துக்கு முந்தினது. இப்படி ஒன்பது இடம். ஒரு தடவை சொன்னாய், பிடித்துக்கொண்டேன். கடைசி இடத்தை அமுக்கியதும் அவசரப்பட்டு இன்னொரு தடவை தட்டுவேன். "வெரல எடுத்துட்டு சும்மா இருங்க. சேர கொஞ்ச நேரம் ஆகும்" என்பாய். அத்தனை வருஷத்தில் நூறு தடவையாவது போட்டிருப்பேன். ஃபோனை மாற்றியபோதும் முதலில் என் விரலால்தான் போடச் சொன்னாய்.

காளி பூஜை முடிந்து நீ ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாய். ஃபோன் உன் தலைமாட்டில் இருந்தது. சார்ஜ் போட்டேன், ஆனால் அங்கே வைஃபை இல்லை, சிம் எப்போதோ காலாவதி. எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அது தானாகச் சேர்ந்து, நாலைந்து தடவை டிங் என்றது. பேங்க் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏதோ வந்திருக்கு, யாருன்னு பூட்டத் திறந்தாத்தான் காட்டும்" என்றார். பூட்டுக்கு நம்பரும் உண்டாம், அது எனக்குத் தெரியாது; மற்றபடி சாவி உன் கட்டைவிரல் ரேகை. அதை முந்தின நாள் மின்மயானத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அவன் நம்பர் அந்த ஃபோனுக்குள் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. நீ போனது அவனுக்குத் தெரியாது. பூட்டிக் கிடந்தாலும் கால் வந்தால் மணி அடிக்கும், தள்ளினால் பேசலாம் என்று சார் சொன்னார். ஆனால் அணையவிடக் கூடாது. ஒரு தடவை அணைந்துவிட்டால் பூட்டைத் திறக்கும்வரை அந்த மணியும் கிடையாது. ஆகவே ஏழு மாதமாகக் காலையிலும் மாலையிலும் சார்ஜ் போட்டு, மேலே விசிறி மாதிரி அந்த வைஃபை குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லைனை மாற்றுகிறோம் என்று கம்பெனி ஆள் வந்தார். வங்காளி, நாற்பத்தைந்து வயதிருக்கும், மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார்.

"மேஷோமோஷாய், இனிமே ஃபைபர். வர்ற வேகத்துல உங்க தலையில திரும்ப முடி முளைக்கும். என்னென்ன கனெக்ட் பண்ணணும்?"

"ஒரு ஃபோன்."

"டிவி? லேப்டாப்?"

"ஒரு ஃபோன்."

"ஒரு ஃபோனுக்கா இத்தனை பெரிய லைன்! சரி, குடுங்க." வாங்கிப் பார்த்தார். "பூட்டியிருக்கே. மாஷிமா, உங்க வீட்டம்மாவோடதா? கூப்பிடுங்க, வந்து விரல் வைக்கட்டும்."

நான் சுவரில் மாலை போட்டிருந்த உன் படத்தைக் காட்டினேன். அவர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

பழைய பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. புதுப் பெட்டிக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போட்டா, ஃபோனுக்குப் பெட்டி மாறினதே தெரியாது. தானா ஒட்டிக்கும். பேரு இதோ என் ஃபோன்லயே தெரியுது. பாஸ்வேர்டு?"

"எனக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் ஃபோனைக் கையில் கொடுத்தார். எழுத்துப் பலகை உன்னுடையது போலவேதான் இருந்தது. ஒன்பது இடத்தையும் அமுக்கினேன். திருப்பிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"ஷெந்தில்... செந்தில் வா. எந்த டாக்கூர், எந்தச் சாமி பேரு மேஷோமோஷாய் இது?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேர் கேட்டது.  பிள்ளை பேர் என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. "எங்க கார்த்திக் டாக்கூர்" என்றேன். அந்தச் சாமிக்கு இங்கே அதுதானே பேர், அதுவும் பொய்யில்லை.

"வான்னா என்ன அர்த்தம்?"

"எஷோ" என்றேன்.

"செந்தில், எஷோ!" என்று சிரித்தார். "மாஷிமா நல்ல பாஸ்வேர்டுதான் வச்சிருக்காங்க." புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மேஜையில் கிடந்த உன் ஃபோன் ஒரு தடவை டிங் என்றது. விசிறி வந்துவிட்டது. அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

உன் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உனக்குக் கை நடுக்கம் இருந்தது நிஜம்தான். ஆனால் அதே கையால் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்த்தாய். பூத் தொடுத்தாய். பாஸ்வேர்டு போடும்போது மட்டும்தான் அந்தக் கை முடியாமல் போயிற்று. இந்த ஏழு மாதத்தில் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தும் உன் ஃபோன் பெட்டியை மறக்கவில்லை, அப்போதெல்லாம் மறக்க வைத்ததும் நீதான் போல. அவன் எழுதியதைப் படிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்து அவனை இழந்தேன். நீ எழுதியதைப் படிக்காமலே நூறு தடவை என் கையால் எழுதியிருக்கிறேன். தாயும் பிள்ளையும் சேர்ந்து என்னை இப்படி இரண்டு தடவை தபால்காரனாக்கிவிட்டீர்கள். முதல் தடவைக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை யாரிடம் போய்க் கோபப்படுவது?

ஒரு நாளாவது இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்பேன் என்றுதான் நீ காத்திருந்தாயோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நானும் கத்தியிருப்பேன், கத்தி முடித்த பிறகு மார்க்கெட்டுக்குப் போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அவன் இன்னும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் வந்த அந்த டிங் அவனாக இருந்து, அம்மா எடுக்கவில்லை என்று விட்டிருந்தால், இனிமேல் ஏன் கூப்பிடப் போகிறான்? போன வாரம் ஃபோனின் முதுகு உப்பத் தொடங்கிவிட்டது. கடைக்காரனிடம் காட்டினேன். "பேட்டரி போச்சு தாத்தா. மாத்தணும்னா அணைக்கணும்" என்றான். அணைத்தால் என்ன ஆகும் என்று அவன் சொல்லத் தேவையில்லை. "அப்படியே வச்சிருந்தா எத்தனை நாள் வரும்?" என்றேன். தோளைக் குலுக்கினான். "திரைச்சீலை பக்கம் வைக்காதீங்க, தீப்பிடிச்சிடும்" என்றான். எவர்சில்வர் தட்டில் வைத்திருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருக்கிறேன்.

மணி அடித்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று முன்பெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். உன் குரலுக்காகக் காத்திருப்பவனிடம் என் குரல் என்ன சொல்ல முடியும்? இப்போது அதையும் விட்டுவிட்டேன். நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

நீ சொல்லித் தந்தது மட்டும் கையில் இருக்கிறது. தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து தொடைமேல் அமுக்குகிறேன். நடுவில் இரண்டாவது, மேலே மூன்றாவது, கீழே கடைசிக்கு முந்தினது. ஒன்பது இடமும். என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.