முகத்துவாரம் வெட்டிய அன்று

பாலமீன்மடு,
மட்டக்களப்பு.
மார்கழி 9

அன்புள்ள என் கணவருக்கு,

விதுர்ஷா எழுதுகிறேன். உங்கள் இருமல் நின்றதா? போன கடிதத்தில் கையெழுத்து நடுங்கியிருந்தது. குளிரால் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன்.

சட்டத்தரணி ஐயா இருபதாம் திகதி அங்கே வருகிறார். இதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அங்கே இதை முதலில் பிரித்துப் படிக்கும் அதிகாரி யாரோ, அவருக்கும் என் வணக்கம். இதில் இருப்பது வீட்டுக் கதைதான்.

பிள்ளைகள் இருவரும் சுகம். மூத்தவள் உங்கள் சாரத்தைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கும்வரை புதுப்பல் முளைக்கக் கூடாதாம். மேனுகாவின் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான். உங்கள் தம்பியின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்.

தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும். பத்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

கார்த்திகைக் கடைசியில் இங்கே ஆறு நாள் விடாமல் மழை. உன்னிச்சைக் குளத்தின் கதவுகளைத் திறந்தார்கள். அப்பாவின் வயல் இருக்கும் வட்டை, அந்த வயல்வெளி முழுக்க, வெள்ளத்தின் கீழே போய்விட்டது. வாவி நிரம்பி ரோட்டுக்கு ஏறியது. புதன்கிழமை மழை கொஞ்சம் ஓய, வியாழன் விடியுமுன்னே தம்பி ரதீஸும் ஆதம்பாவா காக்காவின் மகன் றுமைஸும் வலை எடுக்கக் கடலுக்குப் போனார்கள். போகவேண்டாம் என்றேன். மூன்று நாளாக வலை கடலில் கிடக்கிறது, விட்டால் ஒரு முழம்கூட மிஞ்சாது என்று ரதீஸ் சொன்னான். அன்று வேறு எந்தப் படகும் போகவில்லை.

அவர்கள் போனபின், காலை பதினொரு மணிக்கு, பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து முகத்துவாரத்தை வெட்டினார்கள், வாவியை மறித்து நிற்கும், நம் படகுகள் ஏறுகிற அந்த மணல்மேட்டைத்தான். வெட்டாமல் விட்டிருந்தால் ஊர் மூழ்கியிருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணிக்குள் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாய்கிற சத்தம் நம் வீட்டு அடுப்படிவரை கேட்டது. உள்ளே வருகிற அலையும் வெளியே போகிற வெள்ளமும் மோதுகிற அந்த வாய்க்குள் ஒரு பைபர் படகு நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரதீஸுக்கு அது வெட்டியது தெரியாது. மழைக்காலத்துக் கடல் எங்கும் ஒரே கலங்கல், நிறத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒன்றரை மணிக்கு நீங்கள் பூட்டிவைத்த ரேடியோ செட்டில் அவன் குரல் வந்தது. "மச்சாள், வலை எடுத்தாச்சு. வெளிக்கிடுறம். மூண்டு மணிக்கு ஆத்துவாயில நிப்பம்." நான் பாய்ந்து மைக்கை எடுத்துக் கத்தினேன். சிவப்பு லைட் எரிந்தது, என் குரல் மட்டும் போகவில்லை. "மச்சாள், கேட்குதா? ஒண்டும் விளங்கல்ல" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான்.

அந்த மைக் இரண்டு கிழமையாகவே விட்டுவிட்டுத்தான் பேசியது. செட் திருத்துகிற காத்தான்குடி ஆதம்பாவா காக்காவிடம் சொல்ல, அவர் வேறொரு மைக்கை மகன் றுமைஸின் கையில் அனுப்பியிருந்தார். அது வேறு கம்பனி மைக், பிளக் நம் செட்டுக்குப் பொருந்தாது. ஆறுதலாக வந்து மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு மழை பிடித்துவிட்டது. மைக் அலுமாரியிலேயே கிடந்தது.

காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவருடைய கடைக்குள் முழங்காலளவு தண்ணீர். தன் செட்டையும் கழற்றி உயரத்தில் கட்டிவைத்திருந்தார். இந்தக் கரையில் செட் உள்ள மற்ற வீட்டார் வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். முகத்துவாரம் வெட்டியதைச் சொன்னேன். அந்தப் படகில் போனது அவருடைய ஒரே மகனும்தானே. ஆனாலும் காக்கா நிதானமாகச் சொன்னார்: "புள்ள, நான் சொல்லச் சொல்ல நீ செய். பயப்படாத. நாலு வயர்தான்."

பழைய மைக்கின் பிளக்கை வெட்டி எடுத்துப் புது மைக்கில் பூட்ட வேண்டும். "கழட்டினதும் செட் ஊமையாகிரும். கேட்கிற லைனும் மைக்குக்குள்ளாலதான் போகுது. அதப் பாத்துக் கலங்காத" என்றார். அப்படித்தான் ஆனது. பிளக்கை இழுத்ததும் செட்டில் வந்த இரைச்சல்கூட நின்றுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

புது மைக்கின் வயரைச் சீவினேன். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சுற்றிவர வெறும் கம்பி உறை. "நிறத்த நம்பாத, ஒவ்வொரு கம்பனிக்காரனும் ஒவ்வொரு மாதிரிப் போடுவான்" என்றார். பழைய டோர்ச்சின் பல்பையும் பெட்டரியையும் வைத்துச் சோதிக்கச் சொன்னார். ஒரு முனையை உறைக்கம்பியில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட வேண்டும். பட்டனை அமத்தாதபோது பல்ப் எரிந்தால் அது கேட்கிற வயர். அமத்தும்போது எரிந்தால் அனுப்புகிற வயர். இரண்டுக்கும் எரியாதது பேச்சு வயர். மேனுகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பல்பைப் பிடித்தாள். பிள்ளை அதை எட்டி எட்டிப் பிடித்ததில் எரிகிறதா அணைகிறதா என்றே தெரியவில்லை. மூன்று தரம் பார்த்தோம்.

கரன்ட் இல்லை, செட் மட்டும் பெட்டரியில் ஓடியது. ஈயம் உருக்கும் கோலின் முனையைக் காஸ் அடுப்பில் காய்ச்சினேன். பிளக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கண்ணுக்குத் தெரியாத இலக்கங்கள். "ஒண்டாம் நம்பருக்கு உறை. ரெண்டுக்குப் பேச்சு" என்றார் காக்கா. பிறகு, "மகள், இப்ப எத்தின மணி?" என்று கேட்டார். இரண்டு நாற்பது என்று நான் சொல்லி முடிக்குமுன் போன் அறுந்தது. டவரும் போய்விட்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் எந்த வயர் என்று எனக்குத் தெரியாது. ஒன்று சரி, மற்றது பிழை. ஒரு பக்கத்தை நினைத்துக்கொண்டு ஈயம் வைத்துப் பிடித்தேன். விரல் இரண்டும் வெந்தது பிறகுதான் தெரிந்தது. பிளக்கைச் செருகினேன். நான் பட்டனைத் தொடவே இல்லை, சிவப்பு லைட் எரிந்தது. மாறிப் பிடித்துவிட்டேன். செட் தானாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. அடுப்படியில் பேசுவதெல்லாம் கடலுக்குப் போகிறது.

இனி எழுதுவதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முழுவதும் பொய்.

மேனுகா அழுதாள். "உனக்கென்ன அக்கா. உன்ர மனுசன் ஜெயிலில எண்டாலும் உயிரோட இருக்கார். எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டாள். பயத்தில் கேட்டவள்தான். எனக்குத் தெரியும். ஆனால் எல்லை தாண்டியதென்று உங்களை அங்கே பிடித்து அடைத்த இந்தப் பதினாலு மாதமாக நான் விழுங்கி வைத்திருந்தது அப்படியே வெளியே வந்தது. "அந்த ஜெயிலில இருக்க வேண்டியது உன்ர மனுசன்தான்" என்றேன். "பிடிபட்ட அந்த வாழைச்சேனைப் படகில முதல்ல அவன்ர பேரத்தான் எழுதியிருந்தாங்க. நீ பிள்ளை பெறப் போறாய் எண்டு இவர் படகு ஓட்டுற தண்டேலிட்டப் போய், தம்பிட பேர வெட்டிப்போட்டுத் தன்ர பேர எழுதினவர். ஆள் நிறைஞ்சிட்டு எண்டு அவனுக்குப் பொய் சொன்னவர்."

இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சின்னவன் தலையில் அடித்து உங்களுக்குச் சத்தியம் செய்தவள் நான். அந்த லைட் எரிவதை நான் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. அவன் கேட்கட்டும் என்று நினைத்தேனா என்று இந்தப் பத்து நாளும் என்னையே கேட்கிறேன். அந்த நேரத்தில் கடலுக்குப் போயிருக்க வேண்டியது முகத்துவாரம் என்ற ஒரு சொல். அதற்கு முன்னே இது போய்விட்டது.

பிறகுதான் புத்தி வந்தது. மைக்கைப் பிடித்து, பழக்கத்தில் பட்டனை அமத்தி, "முகத்துவாரத்தால வராதிங்க, வெட்டியாச்சு, வராதிங்க" என்று கத்தினேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். மேனுகா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள்தான் சொன்னாள்: "அக்கா, நீ அமத்த அமத்த லைட் அணையுது. கையை விட்டிட்டுச் சொல்லு."

எல்லாம் தலைகீழ். விட்டால் பேச்சு, அமத்தினால் கேட்பு. கையை விட்டுவிட்டுச் சொன்னேன், நாவலடிப் பக்கம் கரையேற்றுங்கள் என்றும் சொன்னேன். பிறகு அமத்தினேன். இரைச்சலுக்குள்ளிருந்து றுமைஸின் குரல் வந்தது: "விளங்கிச்சு அக்கா. ஆத்துவாய் தெரியிற தூரத்துக்கு வந்திட்டம். திருப்புறம்."

ரதீஸ் பேசவில்லை. எப்போதும் அவன்தான் பேசுவான். அவன் கேட்டுவிட்டான் என்று அப்போதே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. நான் அன்று சொன்னது காதில் விழுந்ததும் அவன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இருந்துவிட்டானாம். படகு அலையில் குறுக்கே கிடந்ததாம். றுமைஸ்தான் அவனைத் தள்ளிவிட்டு எஞ்சினைப் பிடித்து, நாவலடியில் ஏற்றியிருக்கிறான். கரையில் அடித்ததில் படகின் அடி வெடித்துவிட்டது. இருவர் உயிருக்கும் ஒன்றும் இல்லை. றுமைஸுக்குக் கையில் ஐந்து தையல்.

மறுநாள் ஆதம்பாவா காக்கா தண்ணீருக்குள் நடந்து வந்தார். பிளக்கைப் பிரித்துப் பார்த்தார். மூன்றையும் நான்கையும் மாற்றிப் பிடித்தார். "நல்லாத்தான் ஈயம் வச்சிருக்காய் புள்ள" என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணி குடிக்கும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. நான் பார்க்காதவள்போல் உள்ளே போய்விட்டேன்.

ரதீஸ் நாலு நாளாக நம் வேலிப் படலைப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். உள்ளே வராமல் மழைக்குள் நின்றே கேட்டான்: "அண்ணன் ஏன் மச்சாள் எனக்குச் சொல்லல்ல?" வா, சாப்பிடு என்றேன். போய்விட்டான். மேனுகா என்னோடு பேசுகிறாள், பிள்ளையைத் தந்துவிட்டும் போகிறாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்றுத்தான் மற்றச் செய்தி வந்தது. ரதீஸ் வாழைச்சேனைக்குப் போய், தை கடைசியில் நீங்கள் இருக்கும் அந்தப் பக்கம் போகிற படகொன்றில் இடம் கேட்டிருக்கிறான். அங்கே போய் இறங்கி, பிடிக்க வேண்டியது என்னைத்தான், அண்ணனை விடுங்கள் என்று சொல்லப் போகிறானாம். அப்படியெல்லாம் நடக்காது, உன்னையும் சேர்த்துத்தான் அடைப்பார்கள் என்று சட்டத்தரணி ஐயாவும் போனில் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கிற நிலையில் இல்லை. மேனுகா இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே படுக்கிறாளாம்.

நான் சொல்லி அவன் நிற்கமாட்டான். அவனைக் கிளப்பிவிட்டதே நான்தானே.

என் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நேரில் வந்து ஏசுங்கள், அதற்காகவாவது வாருங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கிற ஒற்றைத் தாளில் எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கும் வேண்டாம், அவர்களுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். முழுத் தாளையும் தம்பிக்கு எழுதி ஐயாவின் கையில் கொடுத்துவிடுங்கள். விரும்பித்தான் போனேன் என்று எழுதுங்கள். அவன் மகன் பிறந்த நேரத்தில் அவன் வீட்டில் நின்றது உங்களுக்குச் சந்தோஷம் என்று எழுதுங்கள். ஒரு நாளும் அதை நினைத்து மனம் நோகவில்லை என்று எழுதுங்கள். அதில் எது உண்மை, எது பொய் என்று நான் கேட்கமாட்டேன். கை நடுங்காமல் எழுதுங்கள்.

மாமாங்கேஸ்வரர் உங்களுக்குக் காவல் இருக்கட்டும்.

உங்களையே நினைத்திருக்கும்,
விதுர்ஷா