நாலுகாலி

மார்ச் 4

இன்றும் போர்வைக்குள் உட்கார்ந்து இரண்டு பெண்களாகப் பேசினேன். ஒருத்தி நானே. குடைக் கட்சிக்கு, என் சொந்தக் குரலில். வீட்டுக்காரர் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இன்னொருத்தி நாற்காலிக் கட்சிக்காரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் பேசினால் வந்துவிடுவாள். இவளைத் தெரிந்தவர் மைக்செட்காரர் ஒருவர்தான். இரண்டு கட்சியின் பிரசார வண்டிகளும் அவருடையவை. போர்வை, பதிவில் எதிரொலி வராமல் இருக்க.

ஏன் இந்தத் திருட்டுத்தனம்? நாற்காலியின் வட்டச் செயலாளர் என் அண்ணன். போன சட்டசபைத் தேர்தலில் வீட்டுக்காரர் அவனை மேடையில் "ஆடுற நாற்காலி" என்றார். அன்றோடு அண்ணன் இந்த வாசலை மிதிக்கவில்லை. இருப்பதோ இரண்டு தெரு தள்ளி. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருத்தன்தான். குரலாவது அவன் பக்கம் நிற்கட்டுமே. சாப்பாட்டு மேசையில் அவன் உட்காரும் இடம் ஐந்து வருஷமாகத் துணிக்கூடையைச் சுமக்கிறது.

மார்ச் 8

நாற்காலி வண்டி தெருவில் போனது. வீட்டுக்காரர் சவரத்தைப் பாதியில் நிறுத்தி, "தகர டப்பாவில ஆணி உருட்டின மாதிரி ஒரு குரல், எங்க பிடிச்சாங்களோ" என்றார்.

ஆமாங்க என்றேன். மதியச் சாப்பாட்டில் உப்பு தூக்கல். தெரிந்துதான் போட்டேன்.

மார்ச் 15

கூட்டணியாம். கீரியும் பாம்பும் கைகோத்துவிட்டன. நேற்று வரை "துரோகி" என்று பேசியதையெல்லாம் அழித்து, "அருமைச் சகோதரர்" என்று பேசச் சொன்னார் மைக்செட்காரர். வீட்டுக்காரரும் அண்ணனும் ஒரே ஜீப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு மனம் துள்ளியது. ஜீப் நின்ற இடத்துக்கே ஓடிப் போய் வீட்டுக்கு வா என்றேன்.

"தலைமை கை கொடுக்கச் சொல்லுச்சு, கொடுத்தேன். வீட்டுக்குப் போகச் சொல்லலையே."

நல்ல பதில்தான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 26

கூட்டணி முறிந்தது. இரண்டு தொகுதிக்குத் தகராறு. பதினோரு நாள் — என் ஜலதோஷம்கூட அதைவிட அதிக நாள் இருந்தது. சகோதரர் மறுபடி துரோகி. ஒரே மதியத்தில், இரண்டு குரலில், இருபத்திரண்டு தடவை. தொண்டை கிழிந்துவிட்டது. போகும்போது மைக்செட்காரர் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது என்றார். செய்து கொடுத்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 27

குடி முழுகியது.

அதே நாள், சாயங்காலம்

நேற்றைய களைப்பில் தகர டப்பாக்காரி "உங்கள் சின்னம் நாலுகாலி" என்று சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் எனக்கு நாற்காலி என்று வாயில் வராது, நாலுகாலிதான். மைக்செட்காரரும் கவனிக்காமல் எல்லா வண்டியிலும் ஏற்றிவிட்டார். காலையிலிருந்து தெருத் தெருவாக "நாலு காலி, நாலு காலி". மாவட்டத்தில் அவர்கள் நிற்பதும் சரியாக நாலு தொகுதி. வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அந்தப் பெண் குடைக்காரர்கள் அனுப்பிய ஆள் என்று அங்கே கொதிக்கிறார்களாம். யாரென்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. ஐயோ — குடைக்காரன் பொண்டாட்டி வேணும்னே கெடுத்துட்டான்னு அவன் நெனச்சுட்டா? இனி இந்த ஜென்மத்துல வருவானா?

மார்ச் 28

வந்தான்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நாலுகாலி, உள்ள வரலாமா?"

என்னை அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். உடைந்துவிட்டேன்.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அப்படியானால் அந்தத் தகர டப்பா என்று ஆரம்பித்தார். நான்தாங்க என்றேன். செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். பிறகு அண்ணனிடம், "கூடவே இருக்கேன், எனக்குத் தெரியல. உங்களுக்கு ஒத்த வார்த்தையில தெரிஞ்சிடுச்சே மச்சான்" என்றார்.

மச்சான்! அவரே எழுந்து போய்த் துணிக்கூடையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

கட்சிக்கு என்ன சொன்னாய் என்று அண்ணனைக் கேட்டேன். மைக்கில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

ஏப்ரல் 11

வாக்குப்பதிவு முடிந்தது. தெருவில் இரண்டு பேரும் முறைத்துக்கொள்கிறார்கள், கட்சிக்காரர்கள் பார்க்கிறார்களே. பிறகு ஒருத்தர் முன்வாசல் வழியாக வருகிறார், ஒருத்தன் பின்வாசல் வழியாக.

ஏப்ரல் 30

குடை கிழிந்தது. நாற்காலியும் காலி. இவர்கள் அடித்துக்கொண்டதில் சுயேச்சையாக நின்ற கத்தரிக்கோல் ஜெயித்துவிட்டது. அண்ணன் இன்று முன்வாசல் வழியாகவே வந்தான், தோற்றவனை யார் கவனிக்கப் போகிறார்கள்? இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, ஒரே கட்சிக்காரர்களைப் போலக் கத்தரிக்கோலைத் திட்டினார்கள்.

அப்போது கத்தரிக்கோலின் நன்றி சொல்லும் வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. தேனில் குழைத்த மாதிரி ஒரு பெண் குரல், இழுத்து இழுத்து.

"என்ன இருந்தாலும் இந்தப் பொம்பள நல்லா பேசறா" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னையே பார்த்தான். நான் கரண்டியை எடுத்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா அண்ணே என்று கேட்டேன்.